ஒரே வாணலியில் பயறும் கீரையும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

ஒரே வாணலி, இருபது நிமிடம், பயறும் கீரையும் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாடு என்று சென்ற இதழில் இந்தப் பக்கத்தில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பலரும் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே மணி ஏழரை ஆகிவிடுகிறது. நீங்கள் சொன்னபடி வெந்த ராஜ்மாவையும் கீரையையும் வாணலியில் போட்டுக் கிளறினேன். தண்ணீர் விட்டுக்கொண்டு, குழைந்து, எந்த ருசியும் இல்லாமல் வந்தது. எங்கே கோளாறு?

பதில்: வரிசையில்தான் கோளாறு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், கீரை விடுகிற தண்ணீரில் பயறு மறுபடியும் வேகும், வேறொன்றும் நடக்காது. பசலைக்கீரையில் 100 கிராமுக்கு 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். சூடான வாணலியில் விழுந்த உடனே அது வெளியே வந்துவிடும். வாணலியில் தண்ணீர் நிற்கும் வரை அதில் கிடக்கும் பயறின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தோல் சிவந்து, வறுத்த வாசனை கிளம்ப வேண்டும் என்றால் 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே பயறு முதலில், அதுவும் ஈரம் இல்லாமல், கீரை கடைசியில், எலுமிச்சை அதற்கும் அப்புறம், அடுப்பை அணைத்த பிறகு. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன். வெந்த பயறு ஒன்றரைக் கப், சுமார் 250 கிராம். ராஜ்மா, கொண்டைக்கடலை, காராமணி எதுவானாலும் சரி, வெந்திருக்க வேண்டும், ஆனால் உடையாமல் முழுசாக இருக்க வேண்டும். கீரை 200 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நாலைந்து பல், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் ஒன்றோ இரண்டோ, அரை எலுமிச்சம்பழம், உப்பு, மிளகு.

பயறை வடிகட்டி ஒரு சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியை வைத்து ஒற்றி எடுங்கள். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகிற வேலை இது, ஆனால் பாதி ருசி இதில்தான் இருக்கிறது. அகலமான வாணலி வேண்டும், 28 சென்டிமீட்டராவது இருந்தால் நல்லது. நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான தீயில் எண்ணெயைக் காயவிட்டு, பயறை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பரப்பியதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தொடவே கூடாது. முதலில் 'ஸ்ஸ்' என்று ஈரம் போகிற சத்தம் ஒரே சீராகக் கேட்கும். அது அடங்கி, ஒன்றிரண்டு பயறு தோல் வெடித்து 'டப்' என்று துள்ள ஆரம்பிக்கும்போது ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். வாணலியைத் தொட்ட பக்கம் பொன்னிறமாகி, தோல் சுருங்கி, வெடித்த இடத்தில் உள்ளே இருக்கிற மாவும் லேசாகச் சிவந்திருக்க வேண்டும். அந்த நிலை வந்ததும் மொத்தமாக ஒரு புரட்டு, இன்னும் இரண்டு நிமிடம், அப்புறம் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அதே வாணலியில், தேவைப்பட்டால் இன்னும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, வெங்காயத்தையும் பொடியாக நறுக்கிய கீரைத் தண்டையும் சேர்த்து வதக்குங்கள். தண்டைத் தூக்கி எறியாதீர்கள், இலையைவிட அதற்கு வேக நேரம் அதிகம் என்பதால் முன்னால் போட வேண்டும், அவ்வளவுதான். நாலு நிமிடம் கழித்துப் பூண்டும் மிளகாயும். பூண்டு கருகினால் கசக்கும், அதனால்தான் அதை முதலிலேயே போடச் சொல்லவில்லை. வாசனை வந்ததும் இலையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுப் புரட்டுங்கள், ஒரு கைப்பிடி சுருங்கின பிறகு அடுத்தது. மூடி போட வேண்டாம். மென்மையான கீரை என்றால் இரண்டு நிமிடம் போதும்.

உப்பை இந்த இடத்தில்தான் போட வேண்டும், கீரை முழுக்கச் சுருங்கிய பிறகு. வாணலிக்கு மேலே குவிந்து நிற்கும்போது கண்ணால் அளந்து உப்புப் போட்டால், இரண்டு நிமிடத்தில் அது ஒரு குத்து அளவுக்கு வற்றி, வாயில் வைக்க முடியாதபடி கரித்துவிடும். பிறகு வறுத்த பயறைத் திரும்பச் சேர்த்து ஒரு புரட்டு, மிளகு, அடுப்பை அணைத்து எலுமிச்சை. ரொட்டியோ சாதமோ எது இருக்கிறதோ அதோடு சாப்பிடலாம்.

கேள்வி: அக்கா, நான் தனி அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். என்னிடம் மின்சார ஸ்லோ குக்கர் மட்டும்தான் இருக்கிறது. காய்ந்த சிவப்பு ராஜ்மாவைக் காலையில் அப்படியே அதில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் வெந்துவிடும், அதை எடுத்து வறுக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம் தம்பி, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பச்சை ராஜ்மாவில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் அதிகம். சரியாக வேகாத பயறு நாலைந்து உள்ளே போனாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் கடுமையான வாந்தியும், பிறகு வயிற்றுப்போக்கும் வரலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றாலும் அந்தச் சில மணி நேரம் ஆளைப் புரட்டிப்போட்டுவிடும். கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்தால் இந்தப் புரதம் செயலிழந்துபோகும். சிக்கல் என்னவென்றால், ஸ்லோ குக்கர் பல நேரம் கொதிநிலைக்கே போகாது, 80 டிகிரிக்குக் கீழேயே மணிக்கணக்கில் வைத்திருக்கும். அந்த மாதிரி அரைச் சூட்டில் நஞ்சு குறைவதற்குப் பதிலாக ஐந்து மடங்கு வரை கூடக்கூடும். பயறு பார்ப்பதற்கு வெந்த மாதிரியே இருக்கும் என்பதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம்.

பாதுகாப்பான வழி இது: ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவையுங்கள், இரவு முழுக்க ஊறினால் நல்லது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் 30 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள், அப்புறம் மெதுவான தீயில் பூப்போல வேகவிடலாம். பிரஷர் குக்கரில் தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடுவதால் ஊறின ராஜ்மாவுக்கு அது இன்னும் நிம்மதி. உங்களிடம் ஸ்லோ குக்கரைத் தவிர ஒன்றுமே இல்லை என்றால் டின்னில் வரும் ராஜ்மாவை வாங்கிக்கொள்ளுங்கள், அது டின்னுக்குள்ளேயே அதிக சூட்டில் முழுசாக வெந்ததுதான்.

வெள்ளை ராஜ்மாவில் இந்தப் புரதம் சிவப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். குறைவுதான், ஆனாலும் அதற்கும் இதே முறைதான். வாணலியில் வறுப்பது வேகவைப்பதற்கு மாற்று கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாணலிக்கு வரும்போது பயறு முழுக்க வெந்திருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு மணி நேரம் வேகவைத்தும் பயறு கல்லாகவே இருக்கிறது. உப்புப் போட்டதால்தான் என்று மாமியார் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: உப்பின் மேல் பழி வேண்டாம். பயறின் தோலைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது பெக்டின். அந்தப் பெக்டினை இறுக்கிக் கட்டுவது கால்சியமும் மக்னீசியமும். ஊறவைக்கிற தண்ணீரில் உப்பு இருந்தால், உப்பிலுள்ள சோடியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும், தோல் இளகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 15 கிராம் உப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவி வேகவைத்துப் பாருங்கள், தோல் உரியாமல் உள்ளே வெண்ணெயாக வேகும். வறுக்கப்போகிற பயறுக்கு இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது.

கல்லாக நிற்பதற்கு உண்மையான காரணங்கள் மூன்று. ஒன்று, பயறு பழையது. சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எவ்வளவு வேகவைத்தாலும் முரண்டுபிடிக்கும். இரண்டு, தண்ணீர் கடினநீராக இருப்பது, அதாவது கால்சியம் அதிகமுள்ள தண்ணீர். மூன்று, தக்காளி, புளி, எலுமிச்சை போல ஏதாவது புளிப்பை முன்னாலேயே சேர்த்திருப்பது. புளிப்பு இருந்தால் பெக்டின் கரையாது, எனவே பயறு வெந்து முடிந்த பிறகுதான் புளிப்பு. கடினநீர் என்றால் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா உதவும். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் போய்விடும்.

வெந்துவிட்டதா என்று ஒரே ஒரு பயறை நசுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரே பாத்திரத்தில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். வேறு வேறு இடத்திலிருந்து ஐந்து எடுத்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். ஐந்தும் பல் படாமலே மசிய வேண்டும்.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் தலைமுறையில் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

கேள்வி: டின் பயறைக் கழுவ வேண்டுமா?

பதில்: கழுவுங்கள். வடிகட்டி நன்றாக அலசினால் அதிலிருக்கிற சோடியம் சுமார் 40 சதவீதம் குறையும். வறுக்கப்போகிறோம் என்பதால் அந்தக் கொழகொழப்பான நீர் ஒட்டாமல் இருப்பதும் நல்லது, இருந்தால் அடிப்பிடிக்கும்.

கேள்வி: கீரை வாணலியில் போட்டதும் பளிச்சென்று பச்சையாக இருக்கிறது, சாப்பாட்டு மேசைக்கு வருவதற்குள் பழுப்புப் பச்சையாகிவிடுகிறது. ஏன்?

பதில்: போட்டதும் பளிச்சென்று ஆவதற்குக் காரணம், இலையின் செல்களுக்கு நடுவே இருக்கிற காற்று சூட்டில் வெளியேறிவிடுவது. காற்று போனதும் உள்ளே இருக்கிற பச்சை நேராகக் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பச்சைக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. தொடர்ந்து சூடு ஏற, இலையிலேயே இருக்கிற அமிலங்கள் கசிந்து, அந்த மக்னீசியத்தை வெளியேற்றிவிடும். அது போனால் பச்சையும் போய், மங்கிய பழுப்புப் பச்சைதான் மிஞ்சும். ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் போகும்போதுதான் இது வேகமாக நடக்கிறது.

இப்போது மூடி வேண்டாம் என்று சொன்னதன் காரணம் புரிந்திருக்கும்: அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், மூடினால் சொட்டுச் சொட்டாகத் திரும்ப வாணலிக்கே வரும். எலுமிச்சையைக் கடைசியில் சேர்க்கச் சொல்வதும் இதற்காகத்தான். பிழிந்த பிறகு ரொம்ப நேரம் வைத்திருந்தால் நிறம் மாறத்தான் செய்யும், அதனால் தட்டில் போட்ட பிறகு பிழிந்துகொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. நிறத்துக்காகச் சோடா சேர்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பச்சை நிற்கும், ஆனால் இலை கூழாகும், சி வைட்டமினும் அழியும். கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று சத்தை விட்டுக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: இரும்பு வாணலியா, நான்-ஸ்டிக்கா?

பதில்: இரும்பு. பயறு சிவக்கத் தேவையான சூட்டை அது பிடித்து வைத்துக்கொள்ளும், குளிர்ந்த பயறைக் கொட்டினாலும் சட்டென்று ஆறாது. நன்றாக எண்ணெய் பழகின வாணலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். தக்காளி போட்டு ரொம்ப நேரம் கொதிக்கவைக்கிற வேலைக்கு இரும்பு வேண்டாம், பழகின பூச்சு போய் உலோக ருசி ஏறும். சாப்பாட்டை அதிலேயே விட்டு வைக்கவும் வேண்டாம்.

நான்-ஸ்டிக்தான் இருக்கிறது என்றால் அதிலும் செய்யலாம், வெறும் வாணலியை முழுத் தீயில் காயவிடாமல் எண்ணெய் விட்ட பிறகு அடுப்பை ஏற்றுங்கள். 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும், வெறும் வாணலி அந்தச் சூட்டை நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் எட்டிவிடும்.

கேள்வி: என் மகளுக்கு இரத்தசோகை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். கீரையிலும் பயறிலும்தான் இரும்புச்சத்து நிறைய இருக்கிறதே, தினமும் இதையே செய்து கொடுத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. மாத்திரை மாத்திரையாகவே போகட்டும், சாப்பாடு அதற்குத் துணையாக இருக்கட்டும். எப்போது நிறுத்துவது என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

கீரையில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி. பச்சைப் பசலைக்கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, வெந்த ராஜ்மாவிலும் கிட்டத்தட்ட 2 முதல் 3 மில்லிகிராம். ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பை நம் குடல் இறைச்சியிலுள்ள இரும்பை எடுக்கிற அளவுக்கு எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. பயறிலுள்ள ஃபைட்டிக் அமிலம் அதைப் பிடித்துவைக்கும். பசலைக்கீரையிலுள்ள ஆக்சலேட் செய்வது இன்னும் தெளிவாகத் தெரியும், கால்சியம் விஷயத்தில் பாருங்கள்: பாலிலிருந்து உடம்பு கால் பங்குக்கு மேல் கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது, பசலையிலிருந்து கிடைப்பது 5 சதவீதம் அளவுதான். முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த கேல் கீரையில் ஆக்சலேட் குறைவு என்பதால் அதிலிருந்து கால்சியம் நன்றாகவே கிடைக்கும்.

இதற்கு நம் கையில் இருக்கிற எளிய வழி சி வைட்டமின். அது இரும்பைக் குடல் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது. அந்த அரை எலுமிச்சம்பழத்தை ருசிக்கு மட்டும் சொல்லவில்லை. பச்சையாக நறுக்கிய குடைமிளகாயை மேலே தூவினால் இன்னும் நல்லது, சூடுபடாததால் வைட்டமின் அப்படியே இருக்கும். இன்னொன்று, சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ கொடுக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது போகட்டும். அதிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பு உள்ளே போவதைத் தடுக்கும். மகள் சீக்கிரம் தெம்பாக வேண்டும் என்று நானும் விரும்புகிறேன்.

கேள்வி: அப்பா வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். கீரையே ஆகாது என்று ஒருவர் சொல்கிறார், கீரை நல்லது என்று இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: கீரையில் கே வைட்டமின் அதிகம். இரத்தம் உறைவதற்கு அது வேண்டும், வார்ஃபரின் அந்த வேலையைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஆகவே திடீரென்று நிறையச் சாப்பிட்டாலும் சிக்கல், வழக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைச் சட்டென்று நிறுத்தினாலும் சிக்கல். வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு என்று வைத்துக்கொள்வதுதான் பொதுவாக டாக்டர்கள் சொல்வது. இந்தச் சாப்பாட்டைப் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்குப் போகும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ஆக்சலேட் கல் வந்தவர்களும் இதே மாதிரி கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: ருசியெல்லாம் சரி, வாயுத் தொல்லைக்கு என்ன செய்வது?

பதில்: பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவை உண்டாக்குகின்றன. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டாலே அந்தச் சர்க்கரையில் கொஞ்சம் கரைந்து போய்விடும். நன்றாக வெந்திருப்பதும் முக்கியம். அதற்கும் மேலாக, பயறே சாப்பிடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிடாதீர்கள். முதலில் ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன், அப்புறம் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். சில வாரங்களில் பலருக்கும் வயிறு பழகிவிடும்.

கேள்வி: மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பயறை மட்டும் மொத்தமாக. ஒரு கப் காய்ந்த பயறு வெந்தால் இரண்டரை, மூன்று கப் வரும். விடுமுறை நாளில் வேகவைத்து, வடித்து, ஆறவிட்டு, ஒன்றரைக் கப் வீதம் பைகளில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உருகும். கீரையை முன்னாலேயே நறுக்கியோ வதக்கியோ வைக்காதீர்கள், அது அன்றன்றைக்குச் செய்ய வேண்டியது. செய்து மீந்துபோனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், எடுக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

கீரையைக் கழுவும்போது ஒரு சின்ன விஷயம். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அலசி, இலையைக் கையால் மேலே தூக்கி எடுங்கள். பாத்திரத்தைச் சல்லடையில் கவிழ்த்தால் அடியில் தங்கின மண் மறுபடியும் இலை மேலேயே விழும். தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

கேள்வி: இறைச்சி, முட்டை எதுவும் சேர்க்காமல் இதில் புரதம் போதுமா?

பதில்: ஒரு வேளைக்குப் போதும். மேலே சொன்ன அளவில் ஒருவருக்கு வரும் பயறில் சுமார் 11 கிராம், கீரையில் 2, 3 கிராம், கூடச் சாப்பிடும் ரொட்டியிலோ சாதத்திலோ இன்னும் 4, 5 கிராம் வரும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்குச் சுமார் 48 கிராம் தேவை. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் மெத்தியோனின் பயறில் குறைவு, லைசின் தானியத்தில் குறைவு, இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பிக்கொள்ளும். ஒரே வேளையில்தான் இரண்டையும் சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை, அந்த நாளுக்குள் சாப்பிட்டால் போதும். பி12 மட்டும் இதில் கிடைக்காது, அதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பிள்ளைகள் கீரை கசக்கிறது என்று ஒதுக்குகிறார்கள், எனக்கோ ஒரே ருசி அலுத்துவிட்டது. இதையே கொஞ்சம் மாற்றிச் செய்ய வழி சொல்லுங்களேன்.

பதில்: கசப்புக்கு முதலில். கடுகுக்கீரை, கேல் மாதிரி முரட்டு இலைகளை உப்புப் போட்ட கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு வாணலியில் போடுங்கள். தண்ணீரோடு கொஞ்சம் சி வைட்டமினும் போகும்தான், ஆனால் தட்டிலேயே கிடக்கிற கீரையைவிட வயிற்றுக்குள் போகிற கீரை மேல். பசலைக்கு இது தேவையே இல்லை. உப்பு சரியாக இருந்தாலே நாக்குக்குக் கசப்பு குறைவாகத் தெரியும், எண்ணெயும் அதை அடக்கும். பாலாடைக்கட்டி துருவிப் போடுவது வீட்டில் வழக்கமென்றால் தாராளமாகப் போடுங்கள்.

அடுத்தது, பயறில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, பயறு வெந்த நீர் நாலு ஸ்பூன் விட்டுக் கரண்டியால் மசித்து, இலை சுருங்கினதும் அதில் சேருங்கள். பயறிலுள்ள மாவுச்சத்து கெட்டிப்பட்டு, கிரீம் விட்டதுபோல ஒரு குழம்பு இலையின் மேல் படியும். பிள்ளைகள் பெரும்பாலும் இதில்தான் விழுவார்கள். வறுத்த மீதிப் பயறை மேலே தூவிவிட்டால் மென்மையும் மொறுமொறுப்பும் ஒரே வாயில் வரும். டின் பயறு என்றால் டின்னிலுள்ள நீரைத் தவிர்த்துவிட்டு வெந்நீர் சேருங்கள், உப்பு ஏறாது.

ருசியை மாற்ற, பயறையும் கீரையையும் ஜோடி மாற்றிப் பாருங்கள். கொண்டைக்கடலையும் பசலையும் சேர்ந்தால் சீரகமும் ஒரு தக்காளியும் கேட்கும். தக்காளியை வெங்காயத்தோடு போட்டுத் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிகிற வரை வதக்கிவிடுங்கள், அப்போது எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். வெள்ளை ராஜ்மாவுக்கும் கேலுக்கும் பூண்டை இரட்டிப்பாக்குங்கள், மிளகைக் கொரகொரப்பாக இடித்துப் போடுங்கள், வேறு மசாலா எதுவும் வேண்டாம். காராமணிக்கும் கடுகுக்கீரைக்கும் காரம் தூக்கலாக இருக்க வேண்டும், எலுமிச்சைக்குப் பதில் ஒரு டீஸ்பூன் வினிகர் விட்டாலும் பொருந்தும். உறைந்த கீரைதான் கிடைக்கிறது என்றால், உருகவிட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்துவிடுங்கள். அது ஏற்கெனவே ஒரு தடவை வெந்ததுதான், வாணலியில் ஒரு நிமிடம் சூடானால் போதும்.